டிராகனை அவன் கொல்லவே இல்லையே, சித்தி

என்னிடம் இருக்கிற ‘தி ஹாபிட்’ பழைய புத்தகக் கடையில் வாங்கியது, 40 ரூபாய். அட்டையில் செல்லோ டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறிப்போன பிரதி. எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் யாரென்று தெரியாது, பெயர் எழுதியிருந்த முதல் தாளைக் கிழித்துவிட்டுத்தான் எடைக்குப் போட்டிருக்கிறார். ஆனாலும் ஆளோடு எனக்கு நல்ல பழக்கம். பென்சிலும் கையுமாகப் படிக்கிற ரகம் அவர். புத்தகம் ஆங்கிலம், ஓரத்தில் திட்டு மட்டும் தமிழ்.

முதல் அத்தியாயத்தில் பில்போ வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு குள்ளர்கள் ஒவ்வொருவராக வந்து இறங்குகிறார்களே, அங்கே ஒவ்வொரு பெயருக்கு மேலும் 1, 2, 3 என்று 13 வரை எண் போட்டிருக்கிறார். பாதிப் புத்தகம் தாண்டியதும் ஒரு பெயருக்குப் பக்கத்தில் ‘இவன் யாரு?’ என்று கேள்வி. பாட்டு வருகிற இடங்களில் எல்லாம் மேலிருந்து கீழாக ஒரே கோடு, பக்கத்தில் ‘வேண்டாம்’. கதை சொல்கிறவர் நடுவில் புகுந்து வாசகரைப் பார்த்து நேராகப் பேசும் ஓரிடத்தில் ‘நான் என்ன பச்சைப் பிள்ளையா’. அப்புறம் 14ஆம் அத்தியாயம், டிராகன் சாகிற பக்கம். அங்கே வார்த்தையே இல்லை. மூன்று கேள்விக்குறி மட்டும், பென்சில் முனை அழுந்தித் தாளின் பின்பக்கம் வரை தடம். கடைசிப் பக்கத்தில் ‘பரவாயில்லை’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு, கீழே மறுபடியும் ‘பரவாயில்லை’ என்றே எழுதியிருக்கிறார்.

இந்தப் பதிவு அந்த மூன்று கேள்விக்குறியைப் பற்றியது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. (ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதி 1937இல் வந்த புத்தகம், முடிவைச் சொல்லிவிட்டாயே என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.) பில்போ பாகின்ஸ் ஒரு ஹாபிட். நம்மில் பாதி உயரம், செருப்புப் போடாத கால், வேளாவேளைக்குச் சாப்பாடு, வீட்டைவிட்டு நகராத சுபாவம். இப்படிப்பட்டவரை காண்டால்ஃப் என்கிற மந்திரவாதி, தோரின் தலைமையிலான 13 குள்ளர்களோடு கோத்துவிடுகிறார். குள்ளர்களின் மலையையும் அதற்குள் இருந்த பொன்னையும் ஸ்மாக் என்கிற டிராகன் பிடுங்கிக்கொண்டு அதன்மேலேயே படுத்திருக்கிறது. மீட்கப் போகிற கூட்டத்துக்கு ஒரு திருடன் வேண்டும், அந்த உத்தியோகம் பில்போவுக்கு. போகிறார்கள், மாட்டுகிறார்கள், தப்பிக்கிறார்கள், திரும்பவும் மாட்டுகிறார்கள். 19 அத்தியாயம்.

இதைப் படித்த யாரைக் கேட்டாலும் குறை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும். குள்ளர்களில் மூன்று பேரைத் தவிர மற்றவர்களை அடையாளம் தெரியவில்லை. ஆபத்து முற்றும்போதெல்லாம் கழுகு வந்து தூக்கிக்கொண்டு போகிறது. பெண்களே கிடையாது. கடைசிப் பெரிய சண்டையில் கதாநாயகன் தலையில் கல் விழுந்து மயங்கிவிடுகிறான், எழுந்திருக்கும்போது சண்டையே முடிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, 13 அத்தியாயமாக யாரைத் தேடிப் போனார்களோ அந்த டிராகனைக் கொல்வது பில்போ இல்லை, குள்ளர்களும் இல்லை. அந்த அத்தியாயத்தில்தான் முதல்முறையாகத் தலைகாட்டுகிற பார்ட் என்கிற வில்லாளி. ஏரிக்கரை ஊர்க்காரன். ஒரே ஒரு கறுப்பு அம்பு, முடிந்தது. அந்த நேரத்தில் நம்ம ஆட்கள் மலைக்குள்ளே இருட்டில் அடைபட்டு, வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பென்சில்காரருக்கு கோபம் வந்ததில் தப்பே இல்லை.

எனக்கு அவ்வளவு தூரம்கூடப் போக முடியவில்லை. 2000களின் தொடக்கத்தில் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்கிற மோதிரப் படங்கள் வந்த சூட்டில், இதுதான் அதற்கு முன்கதை என்று யாரோ சொல்லி வாங்கினேன். இரண்டாம் அத்தியாயத்தில் மூன்று ராட்சதர்கள் வருகிறார்கள், பெயர் பெர்ட், டாம், வில்லியம். படத்தில் பார்த்த இருண்ட பிரம்மாண்டம் எங்கே, சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் வைதுகொண்டு ஆட்டுக்கறி சலித்துப்போச்சு என்று புலம்பும் இந்த மூவர் எங்கே. போதாக்குறைக்கு ஒருவனுடைய பணப்பை வாய் திறந்து பேசுகிறது. மூடி வைத்தவள் பல வருடம் திறக்கவில்லை. யாராவது கேட்டால் ‘அது சின்னப் பசங்க புத்தகம்’ என்று சொல்லிவிடுவேன். இரண்டு அத்தியாயம் படித்தவளின் தீர்ப்பு.

மறுபடி அதைத் திறந்தது தென்காசியில் அக்கா வீட்டு மொட்டை மாடியில், ஒரு மே மாதம். அக்கா மகளுக்கு அப்போது 9 வயது. கையில் இருந்த டேப்லெட்டை அக்கா பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள், பொழுது போகவில்லை என்று பிள்ளை என் உயிரை எடுத்தது. பையில் எப்படியோ இந்தப் புத்தகம் இருந்தது. ஆங்கிலத்தில் வாசித்தால் அவளுக்குப் புரியாது என்பதால் வரியைப் பார்த்து அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

பத்தாவது நிமிடத்தில் எனக்குள் ஏதோ தட்டியது. குள்ளர்கள் வருகிறார்கள்: ஃபீலி, கீலி. ஓயின், க்ளோயின். பிஃபூர், போஃபூர், போம்பூர். கண்ணால் படிக்கும்போது குழப்புகிற அதே பட்டியல், வாயால் சொல்லும்போது பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிற எண்ணிக்கைப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. (அந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றைப் பழைய வட ஐரோப்பியக் கவிதை ஒன்றின் பட்டியலிலிருந்து எடுத்தார் டோல்கீன். அங்கேயும் அது சொல்லிச் சொல்லி வந்த பாட்டுதான்.) போம்பூர் என்று சொல்லும்போதெல்லாம் இவள் வயிற்றை உப்பிக் காட்டினாள். அவர்தானே குண்டர். யார் யார் என்று தனித்தனியாகத் தெரிந்தே ஆகவேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை, கும்பல் வந்து வீட்டில் இருந்ததை எல்லாம் தின்றுவிட்டது, அது போதும். மறுநாள் ராட்சதர்கள் வந்தார்கள். மூன்று குரல் போட்டேன். காண்டால்ஃப் மறைந்திருந்து அவர்கள் குரலிலேயே பேசி ஒருவனை ஒருவன் மேல் ஏவிவிட, விடிகிற வரை சண்டை போட்டுக் கல்லாகப் போனார்களே, அந்த இடத்தில் இவள் சிரித்த சிரிப்பில் கீழே இருந்து அக்கா ‘என்னடி அங்கே’ என்று குரல் கொடுத்தாள். நான் மூடி வைத்த அதே பக்கங்கள்.

அப்புறம்தான் இந்தப் புத்தகம் எப்படி உருவானது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். டோல்கீன் அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்ஸன் பேராசிரியர். மாணவர்களின் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது யாரோ புண்ணியவான் எழுதாமல் விட்டிருந்த வெற்றுப் பக்கத்தில் முதல் வரியைக் கிறுக்கினார் என்பது எல்லோரும் சொல்கிற கதை. எனக்குப் பிடித்தது வேறொன்று. அவருடைய மூன்றாவது மகன் கிறிஸ்டோஃபர் 1937 டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதிய கடிதத்தில், குளிர்கால மாலைகளில் தேநீருக்குப் பிறகு அப்பா இந்தக் கதையை எனக்கும் அண்ணன்கள் ஜான், மைக்கேலுக்கும் வாசித்துக் காட்டுவார் என்கிறான். நாலைந்து வயதில் அவன் அப்பாவை இடைமறித்த சம்பவத்தைப் பிற்பாடு கிறிஸ்டோஃபரே எழுதியிருக்கிறார்: போன தடவை பில்போ வீட்டுக் கதவு நீலம் என்றீர்கள், தோரின் தொப்பியில் தங்கக் குஞ்சம் என்றீர்கள், இப்போது கதவு பச்சை என்கிறீர்கள், தோரின் தொப்பி வெள்ளி என்கிறீர்கள். அப்பா முணுமுணுப்பாகத் திட்டிக்கொண்டே மேஜைக்குப் போய்க் குறித்துக்கொண்டாராம். இந்தப் புத்தகத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது, பள்ளிக்கூடம் போகாத வயதுப் பிள்ளையிடமிருந்து.

பென்சில்காரர் திட்டுகிற விஷயங்களில் பாதி இங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. நடுவில் புகுந்து ‘நீங்கள்’ என்று பேசுகிற குரல், கால் பக்கத்துக்கு ஒரு பாட்டு, ஓசைக்காக ஜோடி ஜோடியாகப் பெயர், எல்லாமே எதிரே மூன்று பையன்கள் உட்கார்ந்திருந்த அறையிலிருந்து வந்தவை. கதை கேட்கிற பிள்ளையின் கண் சொருகும்போது பாட்டு ஒன்று எடுத்துவிட வேண்டியிருக்கும், பயம் அதிகமானால் ‘பயப்படாதே, அவன் சாகமாட்டான்’ என்று கதைக்கு வெளியே வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதைத் தனியாக, சத்தம் போடாமல், பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கிற முப்பது வயது ஆளுக்கு ‘நான் என்ன பச்சைப் பிள்ளையா’ என்றுதான் தோன்றும். டோல்கீனுக்கே பிற்காலத்தில் அந்தக் குரல் பிடிக்காமல் போனது, பிள்ளைகளிடம் குனிந்து பேசுகிற தொனி வந்துவிட்டதே என்று வருத்தப்பட்டிருக்கிறார். இந்த விஷயத்தில் நான் அவர் கட்சி இல்லை, அந்தக் குரலின் கட்சி.

1936இல் கையெழுத்துப் பிரதி லண்டனில் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகத்துக்குப் போனது. முதலாளி ஸ்டான்லி அன்வின் பிள்ளைகள் புத்தகத்துக்குப் பிள்ளைதான் நீதிபதி என்று நினைக்கிறவர். தன் மகன் ரேய்னரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார், அறிக்கைக்கு ஒரு ஷில்லிங் கூலி. ரேய்னருக்கு 10 வயது. எழுத்துப்பிழைகளோடு ஒரு பத்தி எழுதிக்கொடுத்தான்: கதைச் சுருக்கம், வரைபடங்கள் இருப்பதால் படம் தேவையில்லை என்று ஒரு யோசனை, 5 முதல் 9 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்று ஒரு முடிவு. 10 வயதுக்காரன் போட்ட வரம்பு 9! தான் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்ட பெரிய மனுஷன் என்கிற தோரணை. அதை நம்பி 1937 செப்டம்பர் 21இல் 1,500 பிரதி போட்டார்கள், கிறிஸ்துமஸுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. பட விஷயத்தில் மட்டும் பையன் பேச்சை யாரும் கேட்கவில்லை, டோல்கீனே வரைந்த படங்களோடுதான் வந்தது.

டைம்ஸ் இலக்கிய இணைப்பில் பெயர் போடாமல் ஒரு பாராட்டு விமரிசனம் வந்தது. எழுதியவர் டோல்கீனின் நண்பர் சி. எஸ். லூயிஸ். நண்பன் புத்தகத்துக்குப் பெயர் மறைத்து மதிப்புரை எழுதுவது அப்போதே இருந்திருக்கிறது, நாம் மட்டும்தான் கெட்டுப்போனோம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு விஷயம் சரியாகவே இருக்கிறது: சின்னப் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும், பல வருடம் கழித்துப் பத்தாவது, இருபதாவது தடவை படிக்கும்போதுதான் இதற்குப் பின்னால் எவ்வளவு படிப்பும் யோசனையும் கிடக்கின்றன என்று பிடிபடும் என்றார். அதே டிசம்பரில் சிறுவர் நாவல்களுக்குப் பெயர்போன ஆர்தர் ரான்ஸம் ஒரு ரசிகராகக் கடிதம் எழுதி, காண்டால்ஃப் ஏன் பில்போவை ‘மனிதன்’ என்கிறார், அவன்தான் மனிதன் இல்லையே என்று கேட்டார். டோல்கீன் அந்தச் சொல்லை மாற்றினார். இதெல்லாம் படிக்கும்போது எனக்கு வருகிற எண்ணம், இந்த ஆள் வாசகன் சொன்னால் காது கொடுக்கிறார்.

எல்லாவற்றுக்கும் இல்லை. ஹாபிட் பற்றி இன்னும் வேண்டும் என்று பதிப்பகம் கேட்டதால் 1937 முடிவதற்குள் அடுத்த கதையைத் தொடங்கினார். சில அத்தியாயங்களை ரேய்னருக்கு அனுப்ப, 12 வயது விமரிசகர் ‘ஹாபிட்கள் பேச்சு கொஞ்சம் அதிகம்’ என்று சொல்லிவிட்டார். டோல்கீன் ஒத்துக்கொண்டார், ஆனால் அந்தப் பேச்சுதான் தனக்கு வேடிக்கையாக இருக்கிறது என்றும் சொன்னார். அந்தக் கதை முடிய பல வருடமாகி, பெரிய மோதிர நாவலாக 1954இல் வெளிவரத் தொடங்கியது. வெளியிட்டதில் முக்கியமானவர் வளர்ந்துவிட்ட ரேய்னரே. ஆயிரம் பவுண்டு நஷ்டமாகலாம் என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு, சரி என்று அனுமதி வாங்கித்தான் போட்டார். ஒரு ஷில்லிங் கூலி எங்கே போய் நின்றது பாருங்கள்.

மொட்டை மாடிக்குத் திரும்புகிறேன். ஐந்தாம் அத்தியாயம், இருட்டுக் குகை, விடுகதைப் போட்டி. பில்போவோடு போட்டி போடுகிற பிராணியின் பெயரை ‘கொல்லம்’ என்று சொன்னேன். ‘கொல்லமா? நம்ம ரயில் போகுமே, அந்த ஊரா?’ என்றாள். தென்காசிப் பிள்ளை வேறு என்ன கேட்கும். கால் மணி நேரம் கதை நின்றுவிட்டது, ஆரியங்காவு சுரங்கத்துக்குள் அந்தப் பிராணி இருக்குமா என்று ஆராய்ச்சி.

விடுகதைகளை மொழிபெயர்ப்பது சுலபமாக இருந்தது, ஏனென்றால் அது நம்ம பாட்டிகள் சரக்கு. மூடியில்லாத பெட்டிக்குள் பொன் என்று முட்டையைப் பற்றிப் பில்போ போட்டதும் இவள் பதிலுக்கு ‘ஒரு ஜாடிக்குள்ளே ரெண்டு எண்ணெய்’ என்றாள், எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது. ஓரிடத்தில் மட்டும் தடுக்கி விழுந்தேன். எல்லாவற்றையும் தின்று தீர்ப்பது எது என்று கொல்லம் கேட்க, பதில் தெரியாத பில்போ இன்னும் கொஞ்சம் நேரம் கொடு என்று கத்த நினைத்துப் பயத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் கத்திவிடுகிறான், அதுவே விடையாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் தின்று தீர்ப்பது காலம், கேட்பது நேரம். நான் ‘நேரம்’ என்றே சமாளித்தேன், அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள், விட்டுவிட்டாள்.

கடைசிக் கேள்வியில் விடவில்லை. விடுகதை எதுவும் தோன்றாமல் பில்போ ‘என் பையில் என்ன இருக்கு?’ என்கிறான். அவன் குகையில் கண்டெடுத்த, போட்டால் ஆளே கண்ணுக்குத் தெரியாமல் போகிற மோதிரம் என்று நமக்குத் தெரியும், கொல்லத்துக்குத் தெரியாது. ‘அது விடுகதையே இல்ல. அழுகுணி ஆட்டம்!’ என்று எழுந்தே நின்றுவிட்டாள். பழைய சட்டப்படி அது முறையான விடுகதை இல்லை என்று புத்தகமே ஒத்துக்கொள்கிறது, அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தாள்.

இந்த அத்தியாயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கூத்து இருக்கிறது. நாம் இன்று படிப்பது 1937இல் வந்தது இல்லை. முதல் பதிப்பில் கொல்லம் நாணயஸ்தன்: தோற்றால் பரிசு தருவேன் என்று வாக்குக் கொடுக்கிறது, தோற்றதும் அந்த மோதிரத்தையே எடுத்துக் கொடுக்கத் தேடுகிறது, காணவில்லை, மன்னிப்புக் கேட்டு அதற்குப் பதிலாக வெளியே போகும் வழியைக் காட்டிவிட்டுப் போகிறது. அவ்வளவுதான். அடுத்த நாவலில் மோதிரம் மகா பயங்கரமான ஒன்றாக வளர்ந்துவிட, அதைப் போய் யாராவது பரிசாகக் கொடுப்பார்களா என்கிற சிக்கல் வந்தது. 1951 பதிப்பில் அத்தியாயத்தை மாற்றி எழுதி, பழையது பில்போ சொன்ன பொய் என்று சமாளித்தார். இதை நான் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அப்போ மொதல்ல காசு குடுத்து வாங்குனவங்க எல்லாரும் பொய்யைத்தான் படிச்சாங்களா?’ என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. டோல்கீன் இருந்திருந்தால் மேஜைக்குப் போய்க் குறித்திருப்பார்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்கு ஒரு குற்றம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘என்றார் கீலி’ மாதிரியான இடத்தில் வினைச்சொல் ஆணா பெண்ணா என்று காட்டாது. தமிழில் வாய் திறந்தாலே வந்தான், போனான், சொன்னான், தின்றான். மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: ‘எல்லாமே ஆன் ஆன்னு முடியுது. ஆள்னு முடியுற ஆளே இல்லையா?’ உண்மையிலேயே இல்லை. புத்தகம் முழுக்கப் பெயர் சொல்லப்படுகிற பெண் பில்போவின் அம்மா ஒருத்திதான், அதுவும் தொடக்கத்தில் பேச்சோடு பேச்சாக. சத்தம் போட்டு வாசிப்பதால் சரியாகிற குறை இல்லை இது, தமிழில் வாசித்தால் இன்னும் உறுத்துகிறது. நான் அவசரத்தில் கீலியைப் பெண்ணாக்கிவிட்டேன். குள்ளர்களில் இளையது, சுறுசுறுப்பு, கண் கூர்மை, நல்ல பாத்திரம்தானே என்று. கீலி சொன்னாள், கீலி ஏறினாள். பிள்ளைக்கு ஏக சந்தோஷம். கடைசிச் சண்டையில் கீலி செத்துப்போகும் என்பது எனக்குத் தெரியாது, நான்தான் முழுதாகப் படித்ததே இல்லையே. அந்த வரி வந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சொல்லாமல் தாண்டலாமா என்று பார்த்தேன், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். ‘ஒரே ஒரு பொண்ணு. அவளையும் கொன்னுட்டியா?’ அன்றைக்கு ராத்திரி என்னிடம் பேசவில்லை. (2012 முதல் 2014 வரை இதை மூன்று படமாக, கிட்டத்தட்ட எட்டு மணி நேரத்துக்கு இழுத்தார்களே, அவர்களும் இதே ஓட்டையை அடைக்க டாரியல் என்று புத்தகத்தில் இல்லாத ஒரு எல்ஃப் பெண்ணைக் கொண்டு வந்தார்கள், அதுவும் கீலிக்கு ஜோடியாக. என் அளவுக்கு அவர்களும் அவசரப்பட்டிருக்கிறார்கள்.)

ஆனால் அதற்கு முன்பே டிராகன் செத்துவிட்டது, அந்தச் சண்டையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஸ்மாக் வருகிற அத்தியாயம் இந்தப் புத்தகத்தின் உச்சம். பில்போ தனியாக, கண்ணுக்குத் தெரியாமல், சுரங்கத்தில் இறங்குகிறான், டிராகனோடு பேச்சுக் கொடுக்கிறான், தன் பெயரைச் சொல்லாமல் புதிர் புதிராக அளக்கிறான், அதன் நெஞ்சில் இடப்பக்கம் கவசமில்லாத ஒரு திட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு வருகிறான். வெளியே வந்து குள்ளர்களிடம் சொல்லும்போது ஒரு குருவி கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் குருவி போய்ப் பார்ட்டிடம் சொல்கிறது, அவன் அங்கே குறிபார்த்து அடிக்கிறான். இதைத்தான் நான் அவளிடம் வாதமாக வைத்தேன்: கண்டுபிடித்தது பில்போதானே, அவன் இல்லாவிட்டால் அம்பு எங்கே பாய வேண்டும் என்றே தெரிந்திருக்காதே. ‘டிராகனை அவன் கொல்லவே இல்லையே, சித்தி. ஓட்டப்பந்தயத்துல நான் ஓடி, நடுவுல வந்த பையன் கப்பு வாங்கிட்டுப் போவானா?’

என்னால் அதற்கு மேல் வாதாட முடியவில்லை, அப்புறம் தேடியபோது அவள் பக்கம் ஒரு சாட்சியும் கிடைத்தது. டோல்கீன் கதையை எழுதிக்கொண்டு போகும்போது போட்டுவைத்த குறிப்புகள் பிற்பாடு அச்சாகியிருக்கின்றன. அதில் ஒரு கட்டத்தில் டிராகனைக் குத்திக் கொல்வது பில்போவேதான். தூங்கும்போது தன் சின்னக் கத்தியை நெஞ்சில் இறக்குவதாகத் திட்டம். (அந்தப் பழைய வடிவங்களில் காண்டால்ஃப் என்பது தலைமைக் குள்ளரின் பெயர், மந்திரவாதிக்கு வேறு பெயர். சொன்னால் இவள் அதற்கும் சண்டைக்கு வருவாள்.) எழுதி அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் மனம் மாறிவிட்டது. அரை ஆள் உயரமுள்ள, கைக்குட்டை எடுத்துவர மறந்ததற்காக வருத்தப்படுகிற ஒருவன் டிராகனைக் கொன்றால் அது நம்பும்படியாக இல்லை என்று நினைத்திருக்கலாம், இது என் ஊகம்தான். அவன் செய்கிற பெரிய காரியம் பிறகு வருகிறது: பொன்னுக்காகப் போர் மூளப்போகும்போது, குள்ளர்கள் உயிரையே வைத்திருக்கிற ஒரு மணிக்கல்லை எடுத்துக்கொண்டு போய் எதிர்த்தரப்பிடம் கொடுத்துவிடுகிறான், சமாதானம் பேசுங்கள் என்று. பெரியவளாகப் படிக்கும்போது எனக்குப் புல்லரித்த இடம் அது. ஒன்பது வயதுக்கு அது வெறும் கோள்சொல்லித்தனம்.

கிறிஸ்டோஃபரின் அந்தக் கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது. கடைசி அத்தியாயங்கள் ரொம்ப நாள் சரியாக எழுதப்படாமல் கரடுமுரடாகவே கிடந்தன, டைப்கூட அடிக்கவில்லை என்கிறான். இதைப் படித்ததும்தான் எனக்கு ஒரு சந்தேகம் தெளிந்த மாதிரி இருந்தது. டிராகன் செத்த பிறகு புத்தகத்தின் குரலே மாறுகிறது. பாட்டு குறைகிறது, நடுவில் புகுந்து பேசுகிறவர் ஒதுங்கிக்கொள்கிறார், வாக்குவாதம், பங்கு, உரிமை, படை, சாவு. பையன்கள் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கதை ஒன்று, ராத்திரி தனியாக மேஜையில் எழுதி முடித்த கதை இன்னொன்று என்றுதான் எனக்குப் படுகிறது. தேநீர் நேரத்தில் அந்த 14ஆம் அத்தியாயத்தை முழு வடிவில் வாசித்திருந்தால், கதவு நிறத்தைப் பிடித்த அந்தப் பிள்ளை இதை விட்டிருக்குமா? பென்சில்காரர் பாட்டுக்கும் பெயர்களுக்கும் போட்ட கோடுகளை நான் ஏற்கவில்லை, அவர் வாய்விட்டுப் படித்திருந்தால் அவரே அழித்திருப்பார். கேள்விக்குறிகள் மூன்றும் அப்படியே நிற்கின்றன.

1960 வாக்கில் டோல்கீன் மொத்தப் புத்தகத்தையும் பெரிய நாவலின் தோரணையில் திருத்தி எழுத உட்கார்ந்தார். விளையாட்டுத்தனத்தை எடுத்துவிட்டு, தூரம், நாள், நிலவின் வளர்பிறை தேய்பிறை எல்லாம் சரிபார்த்து. சில அத்தியாயம் முடித்து ஒரு தோழியிடம் காட்டினாராம், பிரமாதம், ஆனால் இது ஹாபிட் இல்லை என்று அவர் சொல்ல, அதோடு விட்டுவிட்டார். அந்தத் தோழிக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்தத் திருத்தம் முடிந்திருந்தால் பேசுகிற பணப்பை அநேகமாகப் போயிருக்கும்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று ரேய்னர் கதையைச் சொல்லி, நீயும் எழுதிக் கொடு, 50 ரூபாய் என்றேன். ஒரு ஷில்லிங் இப்போது எவ்வளவு என்று கேட்டு, நான் முழிக்க, 100க்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். ரூல்டு நோட்டில் அரைப் பக்கம். 13 குள்ளர் ஜாஸ்தி, 5 போதும். கழுகை ரெண்டு தடவை கூப்பிடக் கூடாது. பில்போ வீட்டுக்குத் திரும்பி வரும்போது அவன் செத்துட்டான்னு நினைச்சு சொந்தக்காரங்க அவன் சாமானை எல்லாம் ஏலம் விடுறது சூப்பர். வெள்ளி ஸ்பூன் யார் எடுத்தா? கீலி விஷயத்தில் சித்தி பண்ணது தப்பு. வயது: 4 முதல் 8 வரை.

ஒன்பது வயதுக்காரி போட்ட வரம்பைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே புத்தகத்தைப் புரட்டி அந்த 14ஆம் அத்தியாயத்தை எடுத்தாள், பென்சில் கேட்டாள். பழைய கேள்விக்குறிகள் மூன்றுக்கும் கீழே, அதே அளவு அழுத்தமாக, ‘எனக்கும்தான்’ என்று எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.